ஏதும் வேணுமா என்று கேட்க ஒரு தபால்காரர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா ஊரடங்கு போட்டு ஐந்து வருஷம் ஆனதை ஒட்டித் தங்கள் நாளிதழில் வந்த சிறப்புப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். டாக்டர்கள், நர்சுகள், தூய்மைப் பணியாளர்கள், ஆம்புலன்ஸ் ஓட்டியவர்கள் என்று எல்லாரைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். மனசுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் பிள்ளைகள் வெளியூரில் இருக்க, வீட்டில் ஒற்றையாளாகக் கிடந்த வயசாளிகள் அந்த நாட்களை எப்படித் தள்ளினார்கள் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. தபால்காரர்களைப் பற்றியும் இல்லை. களக்காடு பக்கம் 38 வருஷம் தபால் பை தூக்கியவன் நான். இந்த இரண்டையும் சேர்த்து ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று 2020இலிருந்தே மனசில் கிடக்கிறது. கடிதம் நீளும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மூத்த மகள் பாளையங்கோட்டையில் நர்சிங் படித்தவள். 2018இல் அயர்லாந்துக்குப் போனாள். அந்த நாட்டின் மேற்குக் கரையில் கிளேர் என்று ஒரு கவுண்டி. நம் ஊரில் மாவட்டம் என்கிற மாதிரி. அங்கே சின்ன ஊர் ஒன்றில் இருக்கும் முதியோர் இல்லத்தில் வேலை. இரண்டு மலையாளத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து வாடகை வீட்டில் இருந்தாள். வருஷம் முழுக்கக் குற்றாலத்துச் சாரல் மாதிரி தூறிக்கொண்டே இருக்கும் ஊர் என்பாள். ஆனால் அந்த 2020 வசந்த காலம் மட்டும் அதிசயமாக நல்ல வெயில் அடித்ததாம். வெயில் அடித்தும் தெருவில் ஆள் இல்லை என்பதைத்தான் முதலில் சொன்னாள்.

அங்கே முதல் தொற்று உறுதியானது பிப்ரவரி 29. மார்ச் 12ஆம் தேதி பிரதமர் லியோ வரத்கர், வாஷிங்டனுக்குப் போன இடத்திலிருந்தே பேசி, அன்று சாயங்காலம் 6 மணியோடு பள்ளி, கல்லூரி எல்லாம் மூடச் சொல்லிவிட்டார். அவருடைய அப்பா மராட்டியரான டாக்டர். அவரும் டாக்டருக்குப் படித்தவர். அந்த நெருக்கடியில் மறுபடியும் டாக்டராகப் பதிந்துகொண்டு வாரத்தில் ஒரு நேரம் அந்த வேலையும் பார்த்தார். மார்ச் 15இல் மதுக்கடைகளை மூடினார்கள். 17ஆம் தேதி புனித பேட்ரிக் திருநாள். ஊருக்கு ஊர் நடக்கும் ஊர்வலம் எதுவும் கிடையாது. இங்கே அந்த வருஷம் நெல்லையப்பர் ஆனித் தேர் ஓடாதபோது நமக்கு எப்படி இருந்தது? அப்படித்தான் அவர்களுக்கும் இருந்திருக்கும்.

மார்ச் 27 ராத்திரியிலிருந்து எல்லாரும் வீட்டுக்குள். நடைப்பயிற்சிக்குப் போகலாம், ஆனால் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள். மகள் இதைச் சொன்ன அன்று நான் திண்ணையில் உட்கார்ந்து, என் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் என்னென்ன வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பீட், அதாவது தபால் கொடுக்கிற சுற்று, நடந்த காலுக்குத் தூரம் தெரியும். குளத்தங்கரை வரும், அம்மன் கோயில் வரும், ரேஷன் கடை வரும். மேலே வாழைத் தோட்டத்தில் பாதிதான் வரும். நான் தினமும் 14 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தவன்.

70 வயது தாண்டியவர்களுக்கு அந்த 2 கிலோமீட்டரும் இல்லை. வாசலைத் தாண்டக் கூடாது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் கக்கூனிங். பட்டுப்புழு கூட்டுக்குள் சுருண்டு கிடக்கிறதே, அந்த அர்த்தம். மே 5ஆம் தேதி வரை அப்படித்தான் இருந்தார்கள். இந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு டோனாவூர் ஞாபகம் வந்தது. அயர்லாந்து என்பது நெல்லைச் சீமைக்குப் புதுசு இல்லை. இடையன்குடியில் அடங்கியிருக்கும் கால்டுவெல் அந்தத் தீவில் பிறந்தவர். டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரும் அந்தத் தீவுக்காரர்தான். (இரண்டு பேரும் பிறந்த வடபகுதி இப்போது பிரிட்டனோடு இருக்கிறது.) அந்த அம்மையார் 1931இல் கீழே விழுந்து அடிபட்டபின் 1951இல் கண்மூடும்வரை பெரும்பாலும் தன் அறையை விட்டு வெளியே வரவில்லை. அறையிலிருந்தபடியே எழுதிக்கொண்டே இருந்தார். அவர் கல்லறையில் பெயர் பொறித்த கல் கிடையாது. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி, அதில் ‘அம்மா’ என்று மட்டும் இருக்கும். டோனாவூரில் மூன்று வருஷம் பீட் பார்த்தபோது அதைக் கடந்து போயிருக்கிறேன். வெளியே போக முடியாதவர்களுக்கு ஒரு காகிதம் என்ன செய்யும் என்று அங்கேதான் எனக்குப் புரிந்தது.

சரி, மகள் கதைக்கு வருகிறேன். அவள் பக்கத்து வீட்டில் ஒரு மூதாட்டி தனியாக இருந்தார். 79 வயது. கடைக்குப் போகக் கூடாது. வாரத்துக்கு ஒரு நாள் அவர் ஒரு காகிதத்தில் பெரிய பெரிய எழுத்தாக எழுதி, ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டிவைப்பார். பால், ரொட்டி, தேயிலை, பட்டாணி டின், நாய்க்குத் தீனி. என் மகள் வேலை முடிந்து வரும் வழியில் அதைப் போனில் படம் பிடித்துக்கொள்வாள். சாமான்களை வாங்கிக் கதவடியில் வைத்துவிட்டு, மணியை அடித்துவிட்டு, ஆறடி தள்ளி நிற்பாள். காசு பூந்தொட்டிக்கு அடியில் ஒரு கவரில் இருக்கும். அந்தப் படங்களில் ஒன்றை எனக்கும் அனுப்பியிருந்தாள். எழுத்துக்குப் பின்னால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மூதாட்டியின் உள்ளங்கை தெரிகிறது. காகிதம் விழாமல் கையால் அழுத்திப் பிடித்திருக்கிறார்.

என் மகள் மட்டும் செய்த காரியம் இல்லை இது. அந்த ஊர்க் கால்பந்துக் கிளப் பையன்கள் மருந்தும் பலசரக்கும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கடைகள் காலை நேரத்தை வயசாளிகளுக்கென்று ஒதுக்கின. ஒவ்வொரு கவுண்டியிலும் கூப்பிடுவதற்கு ஒரு உதவி எண் வைத்தார்கள். வேலை போனவர்களுக்கு அரசாங்கம் வாரம் 350 யூரோ கொடுத்தது. அந்தக் கணக்கை நான் இங்கே இழுக்க விரும்பவில்லை. அந்த நாட்டின் வசதி வேறு, நம் வசதி வேறு. நான் பிடித்துக்கொண்டது அதிகச் செலவில்லாத ஒன்றை.

அது தபால்காரர். அங்கே தபால் துறைக்கு ஆன் போஸ்ட் என்று பெயர். வண்டி பச்சை நிறம், தபால்பெட்டியும் பச்சை. வெள்ளைக்காரன் காலத்தில் சிவப்பாக இருந்த பெட்டிகளை, 1922இல் தனி நாடானதும் பச்சை அடித்துவிட்டார்கள். பழைய ராணி, ராஜா முத்திரைகள் அந்தப் பச்சைக்கு அடியில் இன்னும் புடைத்துக்கொண்டு நிற்கின்றனவாம். அந்த 2020 வசந்தத்தில், வயசாளிகள் வீட்டில் தபால்காரர் நின்று நலம் விசாரித்துவிட்டுப் போக வேண்டும் என்று துறையே ஏற்பாடு செய்தது. கடிதம் கொண்டுவந்து கொடுப்பது மட்டும் இல்லை. வீட்டிலிருந்து போக வேண்டிய கடிதத்தை வாங்கிக்கொண்டும் போகலாம். வீட்டுக்கு வீடு இரண்டு அஞ்சலட்டை இலவசமாகக் கொடுத்தார்கள், யாருக்காவது எழுதுங்கள் என்று. பண்ணை வீடுகள் ஒன்றுக்கொன்று ஒரு மைல் தள்ளி இருக்கிற நாட்டுப்புறத்தில் வாரம் முழுவதும் வருகிற ஒரே ஆள் தபால்காரர்தானே. மகளின் பக்கத்து வீட்டு மூதாட்டிக்கும் அப்படித்தான். பச்சை வண்டி நிற்கும். தபால்காரர் ஜன்னலைச் சுண்டுவார். ஏதும் வேணுமா என்று சைகையிலேயே கேட்பார். மூதாட்டி கட்டை விரலைக் காட்டுவார். வண்டி போய்விடும். அரை நிமிஷம்.

ஏப்ரல் இரண்டாம் வாரம் மகள் இதைப் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காலை ஒன்பது, எனக்கு மத்தியானம் ஒன்றரை. திடீரென்று, “அப்பா, நம்ம தெருக் கடைசி வீட்டு ஆச்சி எப்படி இருக்காவ?” என்று கேட்டாள்.

“நல்லாத்தான் இருப்பாவ” என்றேன்.

“இருப்பாவளா, இருக்காவளா?”

எனக்குப் பதில் வரவில்லை. ஊரடங்கு போட்ட நாளிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது 66 வயது, சுகர் வேறு. பயம் இருந்தது உண்மை. ஆனால் 38 வருஷம் ஒவ்வொரு வாசலிலும் நின்றவன், பதினோரு வீடு தள்ளி இருக்கிற ஒரு மனுஷி உயிரோடு இருக்கிறாளா என்று பார்க்கவில்லை. அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

மறுநாள் விடிந்ததும் துண்டை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு போனேன். அவர் வீட்டு நடையில் கட்டியிருந்த வேப்பங்குழை சருகாகித் தொங்கியது. கதவைத் தட்டினால் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, “யாரு?” என்று ஒரு குரல். உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் பீடி சுற்றுகிற சுளகு. சுளகில் இலையும் இல்லை, தூளும் இல்லை. பீடிக் கடை மூடி மூன்று வாரம் ஆகியிருந்தது. பழக்கத்தில் சும்மா மடியில் வைத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு காலும் வீங்கிப் பளபளவென்று இருந்தன.

“அரிசி இருக்கு தம்பி. ரேஷன்ல ஆயிரம் ரூவாயும் தந்தாவ. மாத்திரதான் இல்ல” என்று சொல்லிவிட்டு, ஒரு டப்பா மூடிக்கு அடியிலிருந்து காலி அட்டையை எடுத்துக் காட்டினார். பிரஷர் மாத்திரை. தீர்ந்து 12 நாள். மகன் தாராவியில், அவன் ரயில் இல்லாமல் அங்கே கிடக்கிறான்.

“ஒரு வார்த்த சொல்லக் கூடாதாக்கா?”

“யார்ட்ட சொல்ல? யாரும் இந்தப் பக்கம் வரலியே.”

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

எங்கள் ஊர்த் தபால்காரர் சின்னப் பையன், ஜி.டி.எஸ். என்கிற கிராமத் தபால் ஊழியர். ஊரடங்கிலும் தபால் ஆபீஸ் மூடவில்லை. பை மாற்ற அவன் தினமும் களக்காட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தான். போன் போட்டேன். வந்து அந்தக் காலி அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். பதினோரு மணிக்குத் தபால் பையோடு முப்பது மாத்திரையும் வந்துவிட்டது. “அண்ணாச்சி, இதுக்கு ரூல் இருக்கான்னு தெரியல. நான் கொண்டாந்துட்டேன்” என்றான்.

அன்று சாயங்காலம் ஒரு பழைய நோட்டை எடுத்து, அவன் பீட்டில் தனியாக இருக்கும் வயசாளிகள் பெயரை எழுதினேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. யாருக்கு மும்பையிலிருந்து மணியார்டர் வரும், யாருக்குச் சுகர், யாருக்குக் கண் தெரியாது, யார் கதவைத் தட்டினால் எழுந்து வர நேரமாகும், எல்லாம் தபால்காரன் தலையில் இருக்கிற கணக்குதானே. 17 வீடு வந்தது. அதில் ஐந்து வீட்டில் போன் இல்லை. போன் இருந்த வீடுகளுக்கு நான் காலையில் கூப்பிட்டுக் கேட்பேன். போன் இல்லாத ஐந்து வாசலிலும் அந்தப் பையன் சைக்கிள் பெல்லை அடித்துவிட்டு, ஒதுங்கி நின்று கேட்பான். “ஏதும் வேணுமா?” பாதி நாள் ஒன்றும் வேண்டாம் என்பார்கள். சில நாள் மாத்திரை, ஒரு நாள் மூக்குக் கண்ணாடிக்குத் திருகு, ஒரு நாள் மகனுக்கு ஒரு போன் போட்டுத் தர முடியுமா என்று. கடைசி வீட்டு ஆச்சிக்குக் கால் வீக்கம் வடிந்தது. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் தபால் துறையும் அந்த மாதங்களில் சும்மா இருக்கவில்லை. நாடு முழுக்க மருந்துப் பார்சல்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வங்கிக்குப் போக முடியாதவர்களுக்கு வாசலிலேயே மிஷினில் கைரேகை வைத்துப் பணம் எடுத்துக் கொடுத்தார்கள். ஆனால் அனுப்பிய பார்சலும் போட்ட பணமும் இருந்தால்தான் தபால்காரர் அந்த வாசலுக்குப் போவார். ஒன்றும் வராத வீட்டுக்குப் போய்க் கேட்கச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஒன்றும் வராத வீட்டில்தானே ஆள் தனியாக இருக்கிறது.

அயர்லாந்தில் எல்லாம் சரியாக நடந்தது என்றும் நினைத்துவிடாதீர்கள். முதல் அலையில் அங்கே இறந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் முதியோர் இல்லங்களில் இருந்தவர்கள். தெருவில் நடப்பவர்களைப் பார்த்த அளவுக்கு, கூரைக்கு அடியில் கூட்டமாக இருந்த வயசாளிகளை முதலில் யாரும் பார்க்கவில்லை என்று என் மகள் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறாள். பார்வையாளர்களை நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகள் தோட்டத்தில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போவார்கள். மார்ச் 26 ராத்திரி 8 மணிக்கு நாடே வாசலில் நின்று நர்சுகளுக்காகக் கை தட்டியது. அந்த நேரம் என் மகள் ஒருவருக்குச் சூப் ஊட்டிக்கொண்டிருந்தாளாம்.

அவள் பார்த்துக்கொண்டவர்களில் 84 வயது விவசாயி ஒருவர். காது சுத்தமாகக் கேட்காது. அதனால் வீடியோ காலில் பிரயோஜனம் இல்லை. தங்கச்சி பக்கத்துக் கவுண்டியில், அவரும் 70 தாண்டியவர், கூட்டுக்குள். என் மகள் தனக்கு வந்த இரண்டு அஞ்சலட்டையில் ஒன்றைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தாள். கை நடுங்கும் என்பதால் அவர் சொல்லச் சொல்ல இவள் எழுதினாள். நான் நன்றாக இருக்கிறேன், சாப்பாடு பரவாயில்லை, அந்தச் சிவப்புப் பசு கன்று போட்டதா, இவ்வளவுதான். சில நாளில் பதில் வந்தது. முதியோர் இல்லத்துக்கு வருகிற கடிதத்துக்குத் தபால்தலை வேண்டாம் என்று துறை சொல்லியிருந்ததால், தலை ஒட்டும் இடத்தில் இலவசத் தபால் என்று கையால் எழுதியிருந்ததாம். 38 வருஷத்தில் அப்படி ஒரு கடிதத்தை நான் கையில் தொட்டதில்லை. பசு கன்று போட்டிருந்தது. கிடாரிக் கன்று. அந்தக் கடிதத்தைத் தினமும் மூன்று தடவை இவள் அவர் கண்ணுக்கு நேரே பிடிக்க வேண்டும்.

ஏப்ரல் கடைசியில் அவர் போய்விட்டார். துஷ்டி வீட்டுக்கு ஊரே திரண்டு போகிற வழக்கம் நமக்கு இருப்பதுபோல அவர்களுக்கும் உண்டு. ராத்திரி முழுக்க உடலைச் சுற்றி இருப்பார்கள், டீயும் ரொட்டியும் கொடுப்பார்கள். அப்போது அடக்கத்துக்குப் பத்துப் பேருக்கு மேல் கூடாது. அவர் தங்கச்சி, சர்ச்சில் இருந்த கேமரா வழியாகத் தன் வீட்டிலிருந்தே பூசையைப் பார்த்தார். ஆனால் சவ வண்டி வருகிற ரோட்டின் இரண்டு பக்கமும், அவரவர் வீட்டு வாசலில், இடம் விட்டு விட்டு ஊர் முழுக்க நின்றது. யாரும் பேசவில்லை. பச்சை வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் தபால்காரரும் இறங்கி நின்றார். மகள் இதைச் சொன்னபோது, எங்கள் தெருவில் அந்த மாதம் நடந்த ஒரு சாவுக்கு நீர்மாலை எடுக்க, அதாவது உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவர, ஆள் இல்லாமல் போனதும், எல்லாரும் நடையில் நின்று பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். பஸ் ஓடத் தொடங்கியதும் எங்கள் ஊரில் அந்தக் கேள்வி நின்றுபோனது. பையன் மேல் தப்பு இல்லை. நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் என்று கணக்குப் போட்டுப் படி கொடுக்கிறார்கள், பார்சல் கூடிவிட்டது, அவனால் எத்தனை வாசலில் நிற்க முடியும்? அதனால்தான் துறையே இதை வேலையாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறேன். ஒவ்வொரு கிளைத் தபால் ஆபீசிலும் தனியாக இருக்கும் முதியவர்கள் பெயர் எழுதிய ஒரு நோட்டு இருக்கட்டும். அவர்களாக விரும்பிக் கொடுத்த பெயர்கள் மட்டும். வாரம் இரண்டு நாள் அந்த வாசல்களில் தபால்காரர் நின்று கேட்கட்டும். அந்த நேரத்துக்கும் சேர்த்து ஜி.டி.எஸ்.களுக்குச் சம்பளம் கொடுக்கட்டும். சம்பளம் இல்லாமல் தர்மமாகச் செய்யச் சொன்னால் ஒரு மாதம் நடக்கும், அப்புறம் நின்றுவிடும். மாத்திரை தீர்ந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ பஞ்சாயத்துக்கோ ஒரு போன். அதற்கு மேல் தபால்காரர் எதுவும் சுமக்க வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் சென்னையிலோ திருப்பூரிலோ மும்பையிலோ வளைகுடாவிலோ இருக்கிறார். என் மகள் மாதிரி அயர்லாந்து வரை போனவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் விட்டுவிட்டுப் போன அப்பா அம்மா இங்கே இருக்கிறார்கள். இன்னொரு கொரோனா வர வேண்டும் என்பதில்லை. ஐப்பசி கார்த்திகையில் ஒரு பெருமழை பெய்து பாலம் மூழ்கினாலே போதும், அவர்கள் கூட்டுக்குள்தான்.

2020இல் எழுதிய அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. 17 பேரில் ஒன்பது பேர் இப்போது இல்லை. புதிதாக ஆறு பேரைச் சேர்த்திருக்கிறேன். தபால் துறை அதிகாரிகள் யாராவது இந்தக் கடிதத்தைப் படித்து ஒரு கிளை ஆபீசில் மட்டுமாவது செய்து பார்க்கலாம் என்று நினைத்தால், அந்த வீடுகளில் சம்மதம் கேட்டு நோட்டைக் கொண்டுவந்து கொடுக்கிறேன். தங்கள் அலுவலகத்துக்கு எழுதினால் எனக்குச் சேர்ந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர்,
களக்காடு வட்டாரம்,
திருநெல்வேலி மாவட்டம்.